இணையத்தில் கிடைப்பதெல்லாம் பொதுச்சொத்தா? பழைய படங்களைத் தேடுவோருக்கு ஓர் அறிமுகம்

கோயில்களின் கும்பாபிஷேக மலர், பாடசாலைகளின் நூற்றாண்டு மலர், சங்கங்களின் ஆண்டு மலர் என்று திருகோணமலையில் ஏதாவது ஒரு மலர் அச்சகத்துக்குப் போய்க்கொண்டேயிருக்கும். தொகுப்பவர்கள் ஊரின் பழைய தோற்றத்தை அதில் காட்ட விரும்புவது இயல்பு. சுவாமி மலை, பிரெட்றிக் கோட்டையின் வாசல், துறைமுகத்தில் போர்க்கப்பல்கள் நிற்கும் காட்சி எல்லாம் இணையத்தில் ஒரே தேடலில் வந்து விழுகின்றன. அவை அப்படியே பக்கத்தில் ஏற, கீழே "நன்றி: இணையம்" என்றோ "நன்றி: கூகிள்" என்றோ ஒரு வரி இடப்படுகிறது. கூகிள் அந்தப் படத்தை எடுக்கவுமில்லை, பாதுகாக்கவுமில்லை. அது எங்கே இருக்கிறது என்று காட்டியது மட்டுமே.

இதற்கு நேர்மாறானவர்களும் உண்டு. வெளிநாட்டு அருங்காட்சியகத்தின் பெயரைக் கண்டதும், கட்டணம் கேட்பார்கள், வழக்குப் போடுவார்கள் என்று அஞ்சி, முந்நூறு ஆண்டுகளுக்கு முன் வரையப்பட்ட வரைபடத்தைக்கூடப் பயன்படுத்தாமல் விட்டுவிடுகிறார்கள். பலருக்கும் உரிய படங்கள் பயன்படாமலும், ஒருவருக்கு மட்டும் உரிய படங்கள் கேட்பாரின்றியும் போகின்றன. ஒரு படம் எப்போது எல்லாருக்கும் உரியதாகிறது என்பதையும், அப்படிப்பட்ட படங்களை எங்கே, எப்படித் தேடுவது என்பதையும் இக்கட்டுரை தொடக்க நிலையிலிருந்து விளக்க முயல்கிறது.

நான்கு கிணறுகள்

ஓர் ஊரில் நான்கு கிணறுகள் இருப்பதாக வைத்துக்கொள்வோம். முதலாவது ஒருவருடைய வளவுக்குள் இருக்கிறது. படலை திறந்தே கிடப்பதால் வீதியால் போகிற எவரும் அதைப் பார்க்கலாம். ஆனால் கண்ணுக்குத் தெரிவதனால் மட்டும் அள்ளும் உரிமை வந்துவிடாது. இரண்டாவது கிணற்றின் சொந்தக்காரர், "அயலவர்கள் குடிக்க அள்ளலாம், விற்கக் கூடாது" என்று முன்கூட்டியே சொல்லி வைத்திருக்கிறார். மூன்றாவது கிணற்றுக்குரியவர் எப்போதோ ஊரை விட்டுப் போய்விட்டார். அவர் இருக்கிறாரா, பிள்ளைகள் எந்த நாட்டில் என்பது எவருக்கும் தெரியாது. நான்காவது ஊர்ப் பொதுக்கிணறு. அதில் எவரும் அள்ளலாம், எதற்கும் பயன்படுத்தலாம், யாரிடமும் கேட்கத் தேவையில்லை.

படங்களின் நிலையும் இந்த நான்கில் ஒன்றாகவே இருக்கும். ஒரு படைப்பைப் பிரதி செய்யவும், பிரசுரிக்கவும், மாற்றியமைக்கவும் அதை ஆக்கியவருக்குச் சட்டம் குறித்த காலத்துக்கு வழங்கும் தனியுரிமையே பதிப்புரிமை. படம் உருவான கணத்திலேயே அது தானாகப் பிறக்கிறது; பதிவு செய்யவோ, வட்டத்துக்குள் 'சி' எழுத்தை இடவோ அவசியமில்லை. உரிமையாளர் நிபந்தனைகளோடு முன்கூட்டியே வழங்கும் அனுமதி உரிமம் எனப்படும். அது இரண்டாவது கிணறு. உரிமை இன்னும் முடியாமலிருந்தும் உரியவரைக் கண்டுபிடிக்க முடியாத படைப்பை அநாதைப் படைப்பு என்பார்கள். பதிப்புரிமைக் காலம் முடிந்த படைப்புகளும், சட்டம் தொடக்கத்திலேயே பாதுகாப்பு அளிக்காதவையும், உரியவர் தம் உரிமையை முற்றாகக் கைவிட்டவையும் சேர்ந்த வெளியே பொதுவுரிமைப் பரப்பு. ஆங்கிலத் தளங்களில் 'பப்ளிக் டொமைன்' என்று குறிக்கப்படுவது இதுவே.

இங்கே இன்னொரு வேறுபாட்டையும் மனத்தில் இருத்த வேண்டும். ஒரு புகைப்படத்தின் அச்சுப் பிரதி யாருடைய அல்பத்தில் இருக்கிறதோ அவரிடமே பதிப்புரிமையும் இருக்கிறது என்று கொள்ள முடியாது. தாளின் உடைமை ஒன்று, அதில் பதிந்த காட்சியின் மீதான உரிமை வேறொன்று. நூலகங்களுக்கும் அருங்காட்சியகங்களுக்கும் இதுவே பொருந்தும். அவற்றின் சேகரிப்பில் உள்ள பெரும்பாலானவற்றுக்கு அவை காப்பாளர்களே அன்றிப் பதிப்புரிமையாளர்கள் அல்ல.

ஆக, பார்க்கக் கிடைப்பது, அனுமதியோடு பயன்படுத்தக் கிடைப்பது, உரியவர் தெரியாதது, பொதுவானது என்பவை நான்கு தனித்தனி நிலைகள். இனி, நான்காவது நிலை எப்படி உருவாகிறது என்று பார்ப்போம்.

காலக் கணக்கு

இலங்கையில் இதை ஆள்வது 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச்சொத்துச் சட்டம். பொது விதி எளியது: ஆக்கியவரின் வாழ்நாள் முழுவதும், அவர் மறைந்த பின் மேலும் 70 ஆண்டுகளும் பாதுகாப்பு உண்டு. 70ஆவது ஆண்டின் டிசெம்பர் 31 வரை காலம் ஓடும். அடுத்த ஜனவரி முதலாம் நாள் படைப்பு பொதுவாகிவிடும். புகைப்படங்களும் இந்த விதிக்குள்ளேயே அடங்குகின்றன.

கொழும்பின் புகழ்பெற்ற புகைப்படக் கலைஞர் லயனல் வென்ட் 1944 டிசெம்பரில் மறைந்தார். எழுபதைக் கூட்டினால் 2014. எனவே அவருடைய படங்கள் 2015 ஜனவரி 1 முதல் இந்நாட்டில் பொதுவுரிமைப் பரப்பில் இருக்கின்றன. இதற்கு மாறாக, 1930இல் இருபத்தைந்து வயது இளைஞர் ஒருவர் திருகோணமலைக் கடற்கரையைப் படம்பிடித்து, எண்பது வயது வரை வாழ்ந்து 1985இல் மறைந்தார் என்று கொள்வோம். அந்தப் படம் 2055 முடியும் வரை பாதுகாப்பில் இருக்கும். படத்தின் வயதைப் பார்த்தால் ஒரு நூற்றாண்டை நெருங்குகிறது. சட்டம் பார்ப்பது படத்தின் வயதை அல்ல, எடுத்தவரின் மறைவை.

கறுப்பு வெள்ளையாக இருந்தால் பழையது, பழையதானால் பொதுவானது என்ற எண்ணம் எவ்வளவு தவறானது என்பதற்கு நம் ஊரிலேயே நல்ல சான்று இருக்கிறது. 1956இல் நீர்மூழ்குநர் மைக் வில்சனும் எழுத்தாளர் ஆர்தர் சி. கிளார்க்கும் சுவாமி மலையடியில் கடலுக்குள் மூழ்கிக் கோணேசர் கோயிலின் சிதைவுகளைக் கண்டார்கள். அக்காலத்து நீரடிப் படங்கள் கோயில் வரலாறு பேசும் பதிவுகளில் கணக்கில்லாமல் பகிரப்படுகின்றன. ஆனால் வில்சன் 1990கள் வரை வாழ்ந்தவர், கிளார்க் 2008இல் மறைந்தவர். அவர்கள் எடுத்த படங்கள் 2060களுக்கு முன் பொதுவாகப் போவதில்லை.

எடுத்தவர் யாரென்றே குறிப்பிடாமல் வெளியான படங்களுக்கு, அதாவது பெயரிலிப் படைப்புகளுக்கு, கணக்கு வேறு. முதன்முதல் பிரசுரமானதிலிருந்து 70 ஆண்டுகள்; அதற்குள் ஆக்கியவர் யாரென்று தெரியவந்தால் பொது விதி திரும்பவும் வந்துவிடும். புகைப்படக்காரரின் பெயரில்லாமல் 1910இல் விற்கப்பட்ட ஒரு படத் தபாலட்டை 1980 முடிவோடு பொதுவாகியிருக்கும். திருகோணமலையைப் பற்றி இணையத்தில் உலாவும் பழைய படங்களில் கணிசமானவை இத்தகைய தபாலட்டைகளே என்பது நமக்கு வசதியான செய்தி.

அரசாங்கம் எடுத்த படம் மக்களுடையதுதானே என்ற கேள்வி அடிக்கடி எழும். இலங்கைச் சட்டம் பாதுகாப்பிலிருந்து விலக்குவது சட்டவாக்க, நிருவாக, நீதித்துறை சார்ந்த உத்தியோகபூர்வ எழுத்துகளையும் அவற்றின் உத்தியோகபூர்வ மொழிபெயர்ப்புகளையுமே. திணைக்களம் ஒன்று எடுத்த புகைப்படம் அந்த விலக்குக்குள் வராது.

வகுப்பறைப் பயன்பாட்டையும் இதனோடு குழப்பிக்கொள்ளக் கூடாது. கற்பித்தல், ஆராய்ச்சி, விமர்சனம், செய்தி போன்றவற்றுக்கு நியாயமான அளவில் பயன்படுத்தச் சட்டம் இடம் தருகிறது. இதுவே நியாயமான பயன்பாடு. ஆசிரியர் ஒருவர் பாடத்துக்காகக் காட்டிய படத்தை, அதே பாடசாலை விலைக்கு விற்கும் மலரின் அட்டையில் போடும்போது அந்தச் சலுகை தானாகப் பொருந்திவிடாது.

சுருக்கமாக: எடுத்தவர் தெரிந்தால் மறைவு ஆண்டோடு எழுபது, தெரியாவிட்டால் பிரசுர ஆண்டோடு எழுபது. ஒரு படத்தின் உரிமையை அறிய முதலில் தேவைப்படுவது இந்த இரண்டு ஆண்டுகளில் ஒன்றுதான்.

நாடு மாறினால்

பதிப்புரிமை நாட்டுக்கு நாடு வேறுபடும் என்பதால் 'உலகெங்கும் பொதுவானது' என்று சொல்லக்கூடிய படங்கள் மிகப் பழையவை மட்டுமே. இந்தியாவில் 2012ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பின் புகைப்படங்களுக்கு எடுத்தவரின் வாழ்நாளும் அவர் மறைந்த பின் 60 ஆண்டுகளும். அமெரிக்காவில் பழைய வெளியீடுகளுக்குப் பிரசுரத்திலிருந்து 95 ஆண்டுகள் என்பதே உச்ச எல்லை; 1929இல் வெளியானவை 2025 ஜனவரி 1 அன்று அங்கே பொதுவாயின. எனவே 1920இல் நியூயோர்க்கில் அச்சான பயண நூலொன்றின் படம் அமெரிக்காவில் பொதுவானதாகவும், எடுத்தவர் 1965இல் மறைந்திருந்தால் நம் சட்டத்தின் பொது விதிப்படி 2035 முடியும் வரை பாதுகாப்பில் உள்ளதாகவும் இருக்கலாம். அமெரிக்கத் தளமொன்று 'பப்ளிக் டொமைன்' என்று குறிப்பிடும்போது அது பெரும்பாலும் அமெரிக்கக் கணக்கையே சொல்கிறது. இங்கே அச்சிடுபவர் இங்குள்ள கணக்கையும் போட்டுப் பார்க்க வேண்டும்.

சில நாடுகளின் விதிகள் நம் ஊருக்குப் பெரிய கொடையாக அமைந்திருக்கின்றன. அமெரிக்கக் கூட்டாட்சி அரசின் ஊழியர்கள் கடமையின் பகுதியாக ஆக்கியவற்றுக்கு அந்நாட்டில் பதிப்புரிமையே கிடையாது. 1944இல் சரட்டோகா என்ற அமெரிக்க விமானந்தாங்கிக் கப்பல் திருகோணமலையிலிருந்து இயங்கியபோது அமெரிக்கக் கடற்படையினர் எடுத்த படங்கள் இந்த வகையைச் சேர்ந்தவை. துறைமுகத்தின் அமைப்பை வானிலிருந்து காட்ட விரும்புவோருக்கு அமெரிக்க அரசின் லான்ட்சாட் செய்மதிப் படங்களும் அப்படியே கிடைக்கின்றன. ஐக்கிய இராச்சியத்தில், 1957 ஜூன் 1க்கு முன் அரசுக்காக எடுக்கப்பட்ட புகைப்படங்களின் உரிமை 50 ஆண்டுகளோடு முடிந்துவிடும். இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் பிரித்தானியக் கடற்படையின் உத்தியோகபூர்வப் புகைப்படக்காரர்கள் இங்கே எடுத்தவை 1990களிலேயே அங்கு காலாவதியாகிவிட்டன. உரிமை முடிந்துவிட்டதென்று அந்த நாடே கொள்ளும் படத்துக்காக ஒருவர் இங்கு வந்து வழக்காடுவார் என்று நான் நினைக்கவில்லை. 1942 ஏப்ரல் 9 அன்று மட்டக்களப்புக்கு அப்பால் மூழ்கடிக்கப்பட்ட ஹெர்மிஸ் கப்பலை ஜப்பானிய விமானத்திலிருந்து எடுத்த படங்களின் நிலையும் இதுவே. ஜப்பானின் பழைய சட்டம் புகைப்படங்களுக்கு மிகக் குறுகிய காலப் பாதுகாப்பையே அளித்தது.

மூலப் படமும் அதன் வருடலும்

பொதுக்கிணற்றைச் சுற்றி ஒருவர் வேலி போட்டு, வாளிக்குக் காசு கேட்டால் என்ன செய்வது? பழைய படங்களில் இதுவே மிகுதியாகக் குழப்பம் தருகிற இடம். 1700களில் ஒல்லாந்தர் வரைந்த நிலப்படம் ஒன்றை நிறுவனமொன்று வருடியில் (ஸ்கேனரில்) இட்டு இணையத்தில் ஏற்றி, கீழே தன் பெயரைப் பதிப்புரிமையாளராக எழுதிவிடுகிறது. நிலப்படத்தின் உரிமை எப்போதோ முடிந்தது. வருடலுக்குப் புதிய உரிமை பிறக்கிறதா?

அமெரிக்காவில் 1999இல் பிரிஜ்மன் கலை நூலகத்துக்கும் கோரல் நிறுவனத்துக்கும் இடையே நடந்த வழக்கில், தட்டையான ஓவியமொன்றை உள்ளபடியே பிரதி செய்யும் புகைப்படத்துக்குப் புதிய பதிப்புரிமை கிடையாது என்று நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஐரோப்பிய ஒன்றியம் 2019இல் கொண்டுவந்த பணிப்புரையும், பொதுவான காட்சிக்கலைப் படைப்பின் வெறும் பிரதிக்குத் தனி உரிமை எழாது என்கிறது. அமெரிக்கத் தீர்ப்பு தட்டையான மூலங்களைப் பற்றியது; ஐரோப்பியப் பணிப்புரையும் எடுத்தவரின் சொந்தத் தெரிவு வெளிப்படும் பிரதிக்கு உரிமையை மறுப்பதில்லை. சிலை, கோபுரம், நாணயம் போன்றவற்றைப் படம்பிடிக்கும்போது கோணத்தையும் ஒளியையும் தெரிவு செய்ய வேண்டியிருப்பதால் அந்தப் புகைப்படத்துக்குத் தனி உரிமை உண்டு. ஆயிரம் ஆண்டுப் பழமையான சிலையின் நேற்றைய புகைப்படம், நேற்று எடுத்தவருடையது.

நிறுவனங்கள் கேட்கும் கட்டணம் எல்லாமே அநியாயம் என்று சொல்ல வரவில்லை. பெரிய அளவில் வருடித் தருவதற்கு உழைப்பும் கருவியும் வேண்டும். அந்தச் சேவைக்குப் பணம் கேட்பது முறையே. உரிமையே இல்லாத ஒன்றுக்கு 'அனுமதிக் கட்டணம்' கேட்பதுதான் எனக்கு ஒப்பாதது. ஆயினும் தளத்தின் பயன்பாட்டு நிபந்தனைகளை ஏற்றுக்கொண்டு உள்ளே நுழைபவரை அவை ஒப்பந்தமாகக் கட்டுப்படுத்தக்கூடும் என்பதால், அவற்றை வாசியாமல் தரவிறக்குவது சரியல்ல.

படத்தின் கீழுள்ள குறிப்பை வாசித்தல்

நூலகத் தளங்களில் ஒவ்வொரு படத்துக்கும் விபரப்பக்கம் ஒன்று உண்டு. ஆக்கியவர், ஆண்டு, சேர்க்கை இலக்கம் (நிறுவனம் அந்தப் பொருளுக்கு இட்ட எண்), உரிமைக் குறிப்பு ஆகியவை அதிலேயே இருக்கும். தேடல் முடிவில் தெரியும் சிறு உருவை அப்படியே சேமித்துக்கொள்பவர் இந்தப் பக்கத்தைப் பார்ப்பதேயில்லை. பாதி வில்லங்கம் அதனால் வருகிறது.

உரிமைக் குறிப்புகளில் கிரியேட்டிவ் காமன்ஸ் அமைப்பின் அடையாளங்களே பரவலானவை. 'சிசி ஸீரோ' என்றால் உரியவர் தம் உரிமையைக் கைவிட்டுவிட்டார். பொதுவுரிமைக் குறி என்றால், உரிமை இல்லை என்று அந்த நிறுவனம் கருதுகிறது. 'சிசி பிவை' என்றால் ஆக்கியவர் பெயரைக் குறிப்பிட்டால் பயன்படுத்தலாம். அதனோடு 'எஸ்ஏ' சேர்ந்தால் மாற்றியமைத்ததையும் அதே நிபந்தனையில் வெளியிட வேண்டும். 'என்சி' சேர்ந்தால் வர்த்தகத்துக்கு ஆகாது. 'என்டி' சேர்ந்தால் மாற்றக்கூடாது. முதல் இரண்டே பொதுக்கிணறு. மற்றவை பதிப்புரிமை உள்ள, உரிமம் தரப்பட்ட படைப்புகள். 'கிரியேட்டிவ் காமன்ஸ் படம்' என்றாலே கேள்வியில்லாமல் எடுக்கலாம் என்று பலரும் நம்புவது இந்த இடத்தில் சறுக்குகிறது.

இன்னொரு வாசகத்தையும் கவனமாக வாசிக்க வேண்டும். 2008 ஜனவரியில் அமெரிக்கக் காங்கிரஸ் நூலகத்தோடு தொடங்கிய, பிளிக்கர் என்ற படப் பகிர்வுத் தளத்தின் 'பிளிக்கர் காமன்ஸ்' பகுதியில் உள்ள படங்களுக்கு, "அறியப்பட்ட பதிப்புரிமைக் கட்டுப்பாடுகள் எவையுமில்லை" என்று போட்டிருப்பார்கள். தேடிப் பார்த்தோம், எவரும் உரிமை கோரியதாகத் தெரியவில்லை என்பதே அதன் பொருள், உறுதிமொழி அல்ல. இருப்பினும் பொறுப்புள்ள நூலகம் ஒன்று அப்படிச் சொல்வது, பெயர் தெரியாத முகநூல் பக்கமொன்று 'யாரும் பயன்படுத்தலாம்' என்று எழுதுவதைவிட நூறு மடங்கு மதிப்புடையது. "பதிப்புரிமை மதிப்பிடப்படவில்லை" என்றிருந்தால், அந்த வேலை நம்மிடமே விடப்பட்டிருக்கிறது.

எங்கே தேடுவது

தொடங்குவதற்கு ஏற்ற இடம் விக்கிமீடியா பொதுவகம். திருகோணமலைக்கென்று அங்கே தனிப் பகுப்பு இருக்கிறது. பழைய வரைபடங்களும் நேற்று எடுத்த புகைப்படங்களும் அதில் கலந்தே கிடக்கும் என்பதால் ஒவ்வொன்றின் உரிமப் பெட்டியையும் தனித்தனியே பார்க்க வேண்டும். அந்தப் பெட்டியில் உள்ளது படத்தை ஏற்றியவரின் கூற்று. 'மூலம்' என்ற இடத்தில் நூலகத்தின் இணைப்பு இருந்தால் அதைத் தொடர்ந்து மூல இடத்துக்கே போய்விடுவது நல்லது. 'சொந்தப் படைப்பு' என்று ஒருவர் நூற்றாண்டுப் பழமையான தபாலட்டைக்கு எழுதியிருந்தால் அந்தக் கூற்றை நம்ப வேண்டியதில்லை.

ஒல்லாந்தர் காலத்துக்கு நெதர்லாந்துக்கு நிகர் இல்லை. அம்ஸ்டர்டாமிலுள்ள ரைக்ஸ் அருங்காட்சியகம் தன்னிடமுள்ள பழைய ஓவியங்களைப் பெரிய அளவில், நிபந்தனையின்றி இலவசமாகவே தருகிறது. 1660களில் எசயாஸ் பூர்சே இலங்கையில் வரைந்த சித்திரங்களும், 1780களில் யான் பிராண்டஸ் வரைந்தவையும் அங்கே இருக்கின்றன. நெதர்லாந்து தேசிய ஆவணக்காப்பகத்தில் கிழக்கிந்தியக் கும்பனியின் நிலப்படங்கள் உள்ளன. திருகோணமலைக் கோட்டையின் கிடைப்படங்களும் துறைமுகத்தின் ஆழ அளவுகளும் அவற்றுள் அடங்கும். மலர் தயாரிப்போர் பெரும்பாலும் எட்டிப் பார்க்காத இந்தச் சேகரிப்பே ஊரின் பழைய அமைப்பை மிகத் துல்லியமாகக் காட்டக்கூடியது என்பது என் கருத்து.

பிரெஞ்சுக்காரர் இந்தத் துறைமுகத்தை 1782இல் கைப்பற்றியவர்கள். அவ்வாண்டு செப்டெம்பர் 3 அன்று பிரெஞ்சுத் தளபதி சுஃப்ரானும் ஆங்கிலேயத் தளபதி ஹியூஸும் மோதிய கடற்போரைப் பற்றிய பொருள்களைத் தேடப் பிரான்ஸ் தேசிய நூலகத்தின் 'கலிக்கா' தளம் உதவும். தனிப்பட்ட பயன்பாட்டுக்கு இலவசம், வர்த்தகத்துக்குக் கட்டணம் என்பது அவர்களுடைய நடைமுறை. இலண்டனிலுள்ள பேரரசுப் போர் அருங்காட்சியகம் உலகப் போர்க்காலப் படங்களுக்கு உரிய இடம். பிரித்தானிய நூலகம் பழைய நூல்களிலிருந்து பத்து இலட்சத்துக்கும் மேற்பட்ட படங்களைப் பிரித்தெடுத்து 2013 டிசெம்பரில் பிளிக்கரில் இட்டது.

தனிப்படங்களைத் தேடுவதோடு நின்றுவிடாமல் பழைய நூல்களுக்குள்ளும் புக வேண்டும். 1660இல் மூதூர்ப் பக்கம் கொட்டியாரத்தில் சிறைப்பிடிக்கப்பட்ட றொபர்ட் நொக்ஸ், தப்பிச் சென்று 1681இல் இலண்டனில் வெளியிட்ட நூலின் செதுக்குப் படங்கள் எந்த நாட்டுக் கணக்கிலும் பொதுவானவை. இத்தகைய நூல்களின் முழு வருடல்கள் 'இன்டர்நெட் ஆர்கைவ்' தளத்தில் உள்ளன. படங்கள் தனியாகப் பட்டியலிடப்படாததால் தேடுபொறிக்கு அவை அகப்படுவதில்லை. பக்கம் பக்கமாகப் புரட்டுபவருக்கே கிடைக்கும்.

ஈழத்துத் தமிழ் ஆவணங்களுக்கு 2005இல் தொடங்கிய நூலகம் எண்ணிம நூலகமும், அதே நிறுவனத்தின் பல்லூடகத் தளமான ஆவணகமும் முதன்மையானவை. இவற்றில் உள்ளவை பொதுவாக இலவசமாகப் பார்க்கவும் வாசிக்கவும் கிடைப்பவை. அதனாலேயே அவை பொதுவுரிமைப் பரப்பைச் சேர்ந்தவை ஆகிவிடாது. பழைய மலர் ஒன்றின் வருடலிலிருந்து புகைப்படத்தை வெட்டியெடுத்துப் புதிய மலரில் போடுவோர் இந்த வேறுபாட்டைப் பெரும்பாலும் எண்ணுவதில்லை. இணையத்துக்கு வெளியே, கொழும்பிலுள்ள தேசிய சுவடிகள் காப்பகமும் நம் ஊர்ப் பொது நூலகமும் இருக்கின்றன. நேரில் போனால், பட்டியலில் ஏறாதவற்றைப் பற்றி அங்குள்ளவர்களிடம் கேட்டறியலாம்.

எந்தச் சொல்லால் தேடுவது

தமிழில் மட்டும் தேடினால் வெளிநாட்டு நூலகங்களில் ஏறத்தாழ ஒன்றும் அகப்படாது. ஆங்கிலத்தில் இன்று இரண்டு 'ஈ' எழுத்தோடு முடியும் ஊர்ப்பெயர் பத்தொன்பதாம் நூற்றாண்டில் 'ஐ ஈ' என்றும் முடிந்தது. ஒல்லாந்தரும் பிரெஞ்சுக்காரரும் நடுவில் 'கியூ' எழுத்தை இட்டு எழுதினார்கள். ஊர்ப்பெயரில் கிடைக்காதது இடப்பெயரில் கிடைக்கும்: சுவாமி ரொக், லவர்ஸ் லீப், ஒஸ்டன்பேர்க் கோட்டை, கொட்டியார். நாட்டை 'சிலோன்' என்றே தேட வேண்டும்.

வேண்டாத முடிவுகளும் குவியும். 1817இல் பம்பாயில் தேக்கு மரத்தால் கட்டப்பட்டு இன்று இங்கிலாந்தின் ஹார்ட்டில்பூலில் நிற்கும் பாய்மரப் போர்க்கப்பலுக்கும் திருகோணமலை என்றே பெயர். அதன் படங்கள் நம் ஊர்ப் படங்களை மூழ்கடித்துவிடும். கனடாவில் இதே பெயரில் ஒரு கடற்கால்வாயும் இருக்கிறது.

வட்ஸ்அப்பில் வந்த படம்

நல்ல படம் ஒன்று எவரோ அனுப்பி வந்து சேர்கிறது. எடுத்தவர், ஆண்டு, இடம் எதுவும் இல்லை. அதைக் கூகிள் லென்ஸ் அல்லது டின்ஐ போன்ற படவழித் தேடலில் இட்டால், அதே படம் இணையத்தில் வேறெங்கே இருக்கிறது என்று காட்டும். அவற்றுள் மிகப் பெரிய அளவுடையதும் மிகப் பழைய திகதியுடையதும் மூலத்துக்கு அருகில் இருக்கும் வாய்ப்பு அதிகம்.

தபாலட்டையாயின் பின்பக்கத்தைப் பார்க்க வேண்டும். தபால் முத்திரையின் திகதி தெளிவாக இருந்தால், படம் அதற்கு முன்பே பிரசுரமாகிவிட்டது என்பதற்கு அதைவிட நல்ல சான்று இல்லை. முத்திரை அழிந்திருந்தாலும் தபால்தலையிலுள்ள மன்னர் உதவுவார்: ஐந்தாம் ஜோர்ஜ் ஆண்டது 1910 முதல் 1936 வரை. பிளாற்றே போன்ற கொழும்பு நிறுவனங்களின் பெயர் ஓரத்தில் அச்சாகியிருந்தால் அதையும் குறித்துக்கொள்ள வேண்டும்.

சில படங்களைக் காலக்கணக்கே பொய்யென்று காட்டிவிடும். போர்த்துக்கேயர் கோணேசர் கோயிலை இடித்தது பதினேழாம் நூற்றாண்டில். புகைப்படக்கலை உலகுக்கு அறிவிக்கப்பட்டது 1839இல். எனவே 'இடிக்கப்படுவதற்கு முந்திய கோயிலின் அரிய புகைப்படம்' என்று வருவது எதுவாக இருந்தாலும் புகைப்படமாக இருக்க முடியாது. செயற்கை நுண்ணறிவால் உருவாக்கிய கற்பனைப் படங்கள் இப்போது இந்தத் தலைப்போடு தாராளமாகச் சுற்றுகின்றன. பழைய படத்துக்கு நிறமூட்டிப் பகிர்வதும் பெருகியிருக்கிறது. நிறம் ஊகமாக இட்டதே அன்றிப் பதிவானதல்ல. நிறமற்ற மூலத்தைத் தேடிப் போடுவதே வரலாற்று நூலுக்கு ஏற்றது.

அச்சுக்குப் போகுமுன்

அச்சில் தெளிவாக வர, ஓர் அங்குலத்துக்கு 300 புள்ளிகள் என்பது வழக்கமான அளவு. ஏ4 பக்கத்தின் முழு அகலத்துக்கும் படம் வேண்டுமானால் ஏறத்தாழ 2,480 பிக்சல் அகலம் தேவை. வட்ஸ்அப் வழியாக வந்த படம் இதற்குப் போதாது. நூலகத் தளத்தின் பெரிய கோப்பையே தரவிறக்க வேண்டும்.

பொதுவான படத்துக்குப் பெயர் குறிப்பிடச் சட்டம் கட்டாயப்படுத்தாவிட்டாலும், ஆக்கியவர், ஆண்டு, வைத்திருக்கும் நிறுவனம், சேர்க்கை இலக்கம், உரிமை நிலை ஆகியவற்றைப் படத்தடியில் ஒரே வரியில் தர வேண்டும். "நன்றி: கூகிள்" என்பதை வாசிப்பவர் எங்கும் போக முடியாது, சேர்க்கை இலக்கத்தைக் கண்டவர் மூலப் படத்துக்கே போய்விடுவார். தரவிறக்கிய நாளில் விபரப்பக்கத்தின் பிரதியொன்றையும் சேமித்து வைப்பது நல்லது, ஏனெனில் தளங்கள் மாறும், சிலவேளை முற்றாக நின்றும் போகும். 2023 ஒக்டோபரில் நடந்த இணையத் தாக்குதலுக்குப் பின் பிரித்தானிய நூலகத்தின் இணையச் சேவைகள் நெடுங்காலம் முடங்கிக் கிடந்தன.

எவ்வளவு தேடியும் நிலை தெளியாத படங்கள் மிஞ்சும். அப்போது வைத்திருக்கும் நிறுவனத்துக்கோ, உரியவரின் குடும்பத்துக்கோ எழுதிக் கேட்கலாம். எந்தப் படம், என்ன இலக்கம், எந்த வெளியீடு, எத்தனை பிரதிகள், விலை உண்டா, இணையத்திலும் வருமா என்று தெளிவாக எழுதினால் பதில் வரும் வாய்ப்புக் கூடும். பதில் வர மாதங்கள் ஆகலாம் என்பதால் அச்சகத்துக்கு நாள் குறிக்கும் முன்பே எழுதிவிட வேண்டும். பதில் வராவிட்டால் அதைச் சம்மதமாகக் கொள்ள முடியாது. அந்தப் பக்கத்துக்கு ஒல்லாந்தர் நிலப்படம் ஒன்றையோ தேதி தெரிந்த தபாலட்டை ஒன்றையோ இட்டுக்கொள்ளலாம்.